ஜெனிஃபர் ஜோன்ஸின் கடைசிக் கல்: அதிர்ஷ்டம் எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு?

2005-ஆம் ஆண்டு கனடா தேசிய மகளிர் கர்லிங் போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெனிஃபர் ஜோன்ஸ் விட்ட கடைசிக் கல்லின் காணொளியைப் பார்த்துவிட்டு, "இது அதிர்ஷ்டத்தில் விழுந்த அடி போலத்தானே தெரிகிறது, இந்த ஒன்றை வைத்தா அவரை மகளிர் கர்லிங்கின் தலைசிறந்தவர் என்கிறார்கள், நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவர் பெயர் மட்டும் ஏன் நிற்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கல்லைப் பற்றிய கேள்வி. ஆனால் நீங்கள் உண்மையில் கேட்பது, ஓர் ஆட்டக்காரரின் வாழ்நாள் சாதனையை எதை வைத்து அளப்பது என்பதைத்தான். அதனால் அந்தக் கல்லில் தொடங்கி அவருடைய ஆட்ட வாழ்க்கை முழுவதையும் பார்த்துவிட்டு, உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன்.

நான் பதினெட்டு ஆண்டுகளாக வின்னிபெக்கில் வசிக்கிறேன். இங்கே ஒரு கிளப்பில் வாரந்தோறும் லீக் ஆட்டம் ஆடுகிறேன். அணியில் இரண்டாவதாகக் கல் விடுபவரை 'செகண்ட்' என்பார்கள். அதுதான் என் இடம். புதிதாக வருபவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் கடந்த ஏழெட்டு ஆண்டுகளாக உண்டு. ஆகவே பனித்தளத்தில் கல் எப்படி ஓடும், எந்த எறி எவ்வளவு கடினம் என்பதைக் கையால் அறிந்து சொல்ல முடியும். ஜோன்ஸ் ஆடிய உயரத்தில் நான் ஆடியதில்லை; பல்லாயிரம் பேர் பார்க்க, ஓராண்டு உழைப்பு ஒரே கல்லில் தொங்கும்போது கை எப்படி இருக்கும் என்பதை என் அனுபவமாக எழுத மாட்டேன்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமான பனித்தளத்தின் இரு முனைகளிலும் 3.66 மீட்டர் விட்டமுள்ள வட்டம் வரையப்பட்டிருக்கும். அதை 'ஹவுஸ்' என்பார்கள். கிட்டத்தட்ட 19 கிலோ எடையுள்ள கிரானைட் கல்லை ஒரு முனையிலிருந்து தள்ளிவிட்டு மறுமுனை வட்டத்தின் நடுப்புள்ளிக்கு எவ்வளவு நெருக்கமாக நிறுத்துகிறோம் என்பதுதான் ஆட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அணிக்கு 8 கற்கள், ஆளுக்கு இரண்டு. நடுப்புள்ளிக்கு மிக அருகில் கல் வைத்திருக்கும் அணிக்கே புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் அந்த அணியின் கல் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. பெரிய போட்டிகளில் 10 சுற்றுகள். சுற்றின் கடைசிக் கல்லை விடும் உரிமைக்கு 'ஹேமர்' என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த சுற்றில் அந்த உரிமையை எதிரணியிடம் இழந்துவிடும். கேரம் ஆடியவர்களுக்கு இதில் பாதி உடனே பிடிபடும்: எதிரியின் காயைத் தட்டுவது, தன் காயை மறைவில் வைப்பது, ஒரு காயில் பட்டுத் திரும்பி இன்னொன்றை அடிப்பது எல்லாம் இங்கேயும் உண்டு. கேரமில் இல்லாதது, விட்ட பிறகும் கல் மெல்ல வளைந்துகொண்டே போவதும், இருவர் அதன் முன்னே பனியைத் தேய்த்து அதன் ஓட்டத்தை நீட்டுவதும், வளைவைக் குறைப்பதும்தான். கல் ஏன் அப்படி வளைகிறது என்பதற்கு இயற்பியலாளர்களிடையே இன்னும் ஒருமித்த விளக்கம் கிடையாது. ஆனால் எவ்வளவு வளையும் என்பது அன்றைய பனியில் நான்கைந்து கல் விட்டால் கைக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அந்தக் கல். நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரம், 2005 பிப்ரவரி. மானிடோபா மாகாணத்துக்கு ஜோன்ஸ் தலைவி; ஒன்டாரியோவுக்கு ஜென் ஹானா. பத்தாவது சுற்றுத் தொடங்கும்போது ஒன்டாரியோ 6, மானிடோபா 4. கடைசிக் கல் ஜோன்ஸிடம். அந்தக் கல்லுக்கு முன் நிலைமை என்னவென்றால், நடுவில் ஒன்டாரியோவின் கல் மறைவாக உட்கார்ந்திருக்கிறது. நேராகப் போய் அதை அடிக்க வழியில்லை. வட்டத்துக்கு வெளியே ஒரு பக்கமாக ஒன்டாரியோவின் இன்னொரு கல் கிடக்கிறது. ஜோன்ஸ் தன் கல்லை வேகமாக விட்டு, வெளியே கிடந்த அந்தக் கல்லின் ஓரத்தில் பட்டுத் திசை மாற்றி, குறுக்கே உள்ளே பாய்ந்து நடுவிலிருந்த கல்லை வெளியேற்றினார். நான்கு புள்ளிகள், 8–6. 'இன்-ஆஃப்' என்ற வகையைச் சேர்ந்த இந்த எறியைத்தான் கனடாவில் அடைமொழி எதுவும் இல்லாமல் 'அந்த ஷாட்' என்றே இன்றும் சொல்கிறார்கள்.

இதில் அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கேட்டால், கணக்கிலிருந்து தொடங்கலாம். கல்லின் விட்டம் ஏறத்தாழ 29 செ.மீ. ஒரே எடையுள்ள இரண்டு கற்கள் பாதிக்குப் பாதி மோதினால், அடிபட்ட கல் ஒரு பக்கம் 30 பாகை சாய்ந்து போகும். அடித்த கல் மறுபக்கம் கிட்டத்தட்ட 60 பாகை திரும்பும், வேகத்தில் பாதிதான் அதனிடம் மிஞ்சும். அந்த எறியை மெதுவாக விட முடியாததற்குக் காரணம் இதுவே: திரும்பிய பிறகும் குறுக்கே போய் இன்னொரு கல்லைத் தள்ள வலு மிச்சமிருக்க வேண்டும். மோதும் இடம் 1 செ.மீ. மாறினால் திசை 2 பாகைக்குச் சற்று மேல் மாறும். 2 மீட்டர் போவதற்குள் அது 8 செ.மீ. விலகலாகிவிடும். இவை எந்தக் கல்லுக்கும் பொருந்தும் கணக்குகள், உறுதியானவை. இனி வருவது என் மதிப்பீடு: நடுக் கல்லின் மேல் போதுமான அளவு பட வேண்டுமானால், முதல் மோதல் சரியான இடத்திலிருந்து இங்கே 2 செ.மீ., அங்கே 2 செ.மீ. வரை பிசகலாம், அதற்கு மேல் கூடாது. கையை விட்டு 25 மீட்டருக்கு மேல் ஓடி, வழியில் வளைந்து வரும் கல்லுக்கு இது மிகக் குறுகலான வாசல். உலகத் தரத்தில் ஆடுபவர்களும் பலமுறை தவறவிடும் வாசல்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு விட்டால் நூற்றில் ஒன்று நுழையும் என்ற வகையைச் சேர்ந்ததும் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிளப்பில் பருவம் முடியும் வாரம், பனியை உருக்குவதற்கு முந்தைய மாலையில், காணொளியைக் கைப்பேசியில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் கற்களை அதே இடங்களில் அடுக்கிவைத்து எட்டுப் பேர் மாறி மாறி முயன்றோம். என் முறை வந்தபோது கல்லைக் கவிழ்த்து அடிப்பகுதியைத் துடைத்தேன். ஒரு மயிரிழை ஒட்டியிருந்தாலும் கல் தடம் மாறிவிடும். எதிர்முனையில் நண்பர் பனியைத் தேய்க்கும் பிரஷ்ஷைக் குறியாகப் பிடித்திருந்தார். என் முதல் கல் வெளிக் கல்லைத் தொடவேயில்லை. இரண்டாவது ஓரத்தில் படாமல் ஏறத்தாழ நேராக மோதி, வெளிக் கல்லை மட்டும் தூக்கி எறிந்துவிட்டு அங்கேயே சோர்ந்து நின்றது. அன்று இரவு ஒரே ஒருவருக்கு ஒரே ஒருமுறைதான் கல் சரியாகத் திரும்பி நடுவைத் தட்டியது. அவரும் கைகளை உயர்த்திக் கத்தினார், நாங்களும் கத்தினோம். எதையும் இழக்காத ஒரு மாலையில், எத்தனை முறை வேண்டுமானாலும் விடலாம் என்ற வசதியோடு ஆடிய எங்களுக்கே அப்படி இருந்தது. அவருக்கு இருந்தது ஒரே கல்.

இதைவிட முக்கியமான ஒன்று அந்தப் புள்ளிக்கணக்கிலேயே ஒளிந்திருக்கிறது. ஓர் எறியில் நான்கு புள்ளி கிடைத்தது என்றால், மானிடோபாவின் குறைந்தது மூன்று கற்கள் அதற்கு முன்பே வட்டத்துக்குள் தங்கியிருந்தன என்று பொருள். இரண்டு புள்ளி பின்தங்கி, கடைசிச் சுற்றில் நிற்கும் அணி தேடவேண்டியது அதைத்தான்: வட்டத்துக்குள்ளும் முன்னாலும் கற்களைப் பெருக்கி, எதிரணி துடைத்தெறிய முடியாதபடி சிக்கலாக்கி, கடைசிக் கல்லுக்கு ஏதாவது ஒரு வழி மிஞ்சும்படி செய்வது. எதிரணி தன் கடைசிக் கல்லால் எல்லா வழியையும் அடைத்துவிட்டதாகவே பார்த்தவர்கள் நினைத்தார்கள். மிஞ்சியிருந்த ஒரே வழியைக் கண்டதும், அதற்கு வேண்டிய கற்கள் முன்னமே அங்கே இருந்ததும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் வராது. கல் அந்தக் குறுகலான வாசலில் நுழைந்ததில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு என்று ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை.

சரி, அதோடு நின்றுவிட்டாரா என்று பாருங்கள். 1974 ஜூலையில் வின்னிபெக்கில் பிறந்து, இங்கேயே கல் விடக் கற்று, 1994-இல் கனடா ஜூனியர் பட்டத்தை வென்றவர் ஜோன்ஸ். அந்த ஜூனியர் அணியில் இருந்த ஜில் ஆஃபிசர் பின்னாளிலும் அவருடைய செகண்டாக 2018 வரை ஆடினார். ஜோன்ஸ் சட்டம் படித்து வழக்கறிஞரானார். உச்சத்தில் ஆடிய ஆண்டுகளிலும் வேலையையும் ஆட்டத்தையும் சேர்த்தே சுமந்தார். கனடாவின் தேசிய மகளிர் பட்டமான ஸ்காட்டீஸ் டூர்னமென்ட் ஆஃப் ஹார்ட்ஸை 2005, 2008, 2009, 2010, 2015, 2018 என ஆறு முறை தலைவியாக நின்று வென்றிருக்கிறார். ஆறு பட்டம் என்பது நோவா ஸ்கோஷியாவின் காலீன் ஜோன்ஸுடன் அவர் பகிர்ந்துகொள்ளும் சாதனை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இருவரும் உறவினர் அல்லர். பட்டங்களைவிட என்னை வியக்கவைப்பது இடையிலுள்ள ஆண்டுகள். 2006 இறுதி ஆட்டத்தில் கெல்லி ஸ்காட்டிடம் தோற்றார். 2011-இல் ஆம்பர் ஹாலண்டிடம் ஒரே புள்ளியில் தோற்றார். அதாவது 2005 முதல் 2011 வரையிலான ஏழு ஆண்டுகளில் 2007 ஒன்றைத் தவிர ஒவ்வோர் ஆண்டும் தேசிய இறுதி ஆட்டத்தில் அவர் இருந்தார். கர்லிங் ஆடுபவர்கள் எண்ணிக்கையில் உலகின் மற்ற நாடுகள் எதுவும் கனடாவுக்கு அருகில்கூட வருவதில்லை. அப்படிப்பட்ட நாட்டில் இத்தனை முறை கடைசி நாள் வரை வந்தவரை அதிர்ஷ்டக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

வெளிநாட்டு மேடைகளில் அவர் கணக்கு இவ்வளவு மினுமினுப்பானது அல்ல, அதையும் சொல்லியாக வேண்டும். தேசியப் பட்டம் வென்றவர் உலகப் போட்டிக்குப் போவார். அவர் போன ஆறு முறையில் தங்கம் இரண்டுதான். 2005-இல், அந்தப் பெரும்புகழ் எறிக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லிக்குப் போனவர் பதக்கமில்லாமல் திரும்பினார். 2008-இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் வெர்னனில் சீனாவின் வாங் பிங்யூ அணியை 7–4 என்று வென்று முதல் உலகப் பட்டம். 2009-இல் பதக்கமில்லை, 2010-இல் வெண்கலம், 2015-இல் சப்போரோவில் சுவிட்சர்லாந்தின் அலினா பேட்ஸிடம் தோற்று வெள்ளி. 2009 இறுதியில் எட்மன்டனில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் அவர் அணி முன்னணியிலேயே இல்லை. வான்கூவர் ஒலிம்பிக்குக்கு ஷெரில் பெர்னார்ட் போனார்.

அதற்கு அடுத்து நடந்ததுதான் அவருடைய ஆட்ட வாழ்க்கையில் மிகவும் விவாதிக்கப்பட்ட முடிவு. 2010 வசந்தத்தில், மூன்றாவது தொடர் தேசியப் பட்டத்தை வென்ற சில வாரங்களிலேயே, அணியில் மூன்றாவதாகக் கல் விடும் 'தேர்டு' கேத்தி ஓவர்டன்-கிளாபம் விலக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு, 2008, 2009 என்று அடுத்தடுத்து ஜூனியர் தேசியப் பட்டம் வென்றிருந்த இளம் தலைவி கேட்லின் லாஸ் அழைக்கப்பட்டார். 2005-இன் அந்தக் கல்லுக்கு எதிர்முனையில் நின்று பிரஷ்ஷைக் குறியாகப் பிடித்தவர் ஓவர்டன்-கிளாபம்தான் என்பதை நினைத்தால் இங்கே ஏன் அத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்பது புரியும். 2011-இல் அவர் தனக்கென ஓர் அணி திரட்டி, மானிடோபா சார்பில் அதே தேசியப் போட்டிக்கு வந்து, நடப்புச் சாம்பியனாகத் தனி இடம் பெற்றிருந்த ஜோன்ஸை முதற்கட்ட ஆட்டத்தில் தோற்கடித்தார். அந்த வாரம் எங்கள் கிளப்பில் பேச்சு முழுவதும் அதுதான். முடிவு நியாயமானதா என்று கேட்டால், நால்வருக்கும் இடையே மூடிய அறையில் பேசப்பட்டதை வெளியிலிருந்து ஊகித்து நான் தீர்ப்புச் சொல்ல விரும்பவில்லை. நான்கு ஆண்டு கழித்துக் கிடைத்த ஒலிம்பிக் தங்கம் அந்த முடிவைச் சரி என்று காட்டிவிட்டது என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஓவர்டன்-கிளாபம் இருந்திருந்தால் தங்கம் கிடைத்திருக்காது என்று யாரால் சொல்ல முடியும்? வென்ற அணியைக் கலைக்கும் துணிவு அவருக்கு இருந்தது, அதற்கான விலையையும் பொதுவெளியில் கொடுத்தார் என்பது வரை உறுதி.

2012 கோடையில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை; நவம்பரில் முதல் குழந்தை. அந்தப் பருவத்தின் முதற்பாதியை லாஸ் தலைமையில் அணி ஆடியது. குழந்தை பிறந்து மூன்று மாதத்தில் ஜோன்ஸ் தேசியப் போட்டிக்குத் திரும்பி, இறுதி ஆட்டம் வரை வந்து, இளம் ரேச்சல் ஹோமனிடம் தோற்றார். முழங்கால் என்று எளிதாக எழுதிவிட்டேன். கல் விடும்போது ஒரு காலை முழுதாக மடக்கி, உடலின் பாரம் முழுவதையும் அதன் மேல் வைத்துப் பனியில் சறுக்கிக்கொண்டு போகிறோம். மறு கால் பின்னால் நீண்டிருக்கும். நாற்பது வயதை நெருங்கும் எங்கள் கிளப்காரர்களில் முழங்கால் வலி இல்லாதவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுவை முடிந்த காலோடு அந்த நிலையில் உடல் ஆடாமல் போக மீண்டும் பழகுவது எவ்வளவு வேதனையான வேலை என்பதைக் கற்றுக்கொடுப்பவனாக நான் பார்த்திருக்கிறேன்.

2013 டிசம்பரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி எங்கள் ஊரிலேயே நடந்தது. இறுதியில் ஷெரி மிடாவை 8–4 என்று வென்று ஜோன்ஸ், லாஸ், ஆஃபிசர், டான் மெக்யூவன் ஆகியோர் சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனார்கள். ஐந்தாமவராகக் கிர்ஸ்டன் வால். இந்த மெக்யூவன் 2005 இறுதி ஆட்டத்தில், திருமணத்துக்கு முந்தைய ஆஸ்கின் என்ற பெயரில், தோற்ற ஹானா அணியில் ஆடியவர். அந்தக் கல் தன் அணியின் கல்லைத் தூக்கியெறிவதை அருகிலிருந்து பார்த்த அவர், இரண்டு ஆண்டு கழித்து அதை விட்டவருடைய அணியிலேயே சேர்ந்தார். சோச்சியில் அவர்கள் ஆடிய 11 ஆட்டங்களிலும் வென்றார்கள். அரையிறுதியில் ஈவ் மியூர்ஹெட்டின் பிரிட்டனை 6–4, இறுதியில் சுவீடனை 6–3. ஒலிம்பிக் மகளிர் கர்லிங்கில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தங்கம் வென்ற முதல் அணி அது.

அதன் பிறகும் பத்தாண்டு ஆடினார். அதில் 2018 தனியே சொல்லத்தக்கது. லாஸ் கலப்பு இரட்டையரில் ஒலிம்பிக்கில் ஆடப் போயிருந்ததால் தேசியப் போட்டிக்கு ஷானன் பர்ச்சர்டைச் சேர்த்துக்கொண்டு பட்டம் வென்றார். பிறகு ஒன்டாரியோவின் நார்த் பேயில் உலகப் போட்டி: 14 ஆட்டங்கள், 14 வெற்றிகள். இறுதியில் எதிரே நின்றவர் சில வாரங்களுக்கு முன்புதான் ஒலிம்பிக் தங்கம் வென்றிருந்த சுவீடனின் அன்னா ஹாசல்போர்க். கூடுதல் சுற்று வரை போய் 7–6. என் கருத்தில், ஆட்டத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் சோச்சியைவிட இதுவே அவருடைய உயர்ந்த வாரம். எதிரணிகளின் பலம் அதற்குள் அவ்வளவு ஏறியிருந்தது. 2022 பெய்ஜிங்கில் 5 வெற்றி, 4 தோல்வி. ஜப்பான், பிரிட்டனுடன் சமநிலையில் நின்று, ஆட்டங்களுக்கு முன் நடுப்புள்ளியை நோக்கி விடப்படும் அளவைக் கற்களின் கணக்கில் பின்தங்கி, அரையிறுதி கிடைக்காமல் போனது. பின்பு தன்னைவிட ஏறத்தாழ இருபத்தைந்து வயது இளையவர்களோடு புது அணி அமைத்து, 2023, 2024 இரண்டு ஆண்டும் தேசிய இறுதி ஆட்டத்துக்கு வந்தார். இதோடு நால்வர் ஆட்டத்திலிருந்து விலகுகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு வந்த 2024 இறுதியில் ஹோமனிடம் 5–4 என்று தோற்றார். வயது 49.

'தலைசிறந்தவர்' என்ற சொல்லுக்கு வருகிறேன். 2019-இல் கனடாவின் டிஎஸ்என் விளையாட்டுத் தொலைக்காட்சி ஒளிபரப்பாளர்கள், செய்தியாளர்கள், முன்னணி ஆட்டக்காரர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் கனடாவின் சிறந்த மகளிர் ஆட்டக்காரராக ஜோன்ஸ் தேர்வானார். நான் அந்தச் சொல்லைக் 'கனடாவின்' என்ற எல்லையோடுதான் ஏற்பேன், அதிலும் ஒரு தயக்கத்தோடு. சஸ்காச்செவனின் சாண்ட்ரா ஷ்மர்லர் 1993, 1994, 1997 என மூன்று முறை தேசியப் பட்டம் வென்று, போன மூன்று முறையும் உலகப் பட்டத்தோடு திரும்பினார். 1998 நகானோவில் ஒலிம்பிக் தங்கமும் வென்றார். 2000 மார்ச்சில், 36 வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. இன்னும் பதினைந்து ஆண்டு ஆடியிருந்தால் எங்கே நின்றிருப்பார் என்ற கேள்வியை மனத்திலிருந்து அகற்றிவிட்டு யாராலும் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. உங்கள் கேள்வியோடு தொடர்புள்ள ஒன்று: ஷ்மர்லரை நகானோவுக்கு அனுப்பிய 1997 தகுதிப் போட்டி இறுதியிலும் அவர் விட்ட ஓர் இன்-ஆஃப் எறிதான் மூன்று புள்ளி தந்து ஆட்டத்தைத் திருப்பியது. கனடாவுக்கு வெளியே பார்த்தால், சுவீடனின் அனெட் நோர்பெர்க் 2006, 2010 என இரண்டு ஒலிம்பிக் தங்கமும் மூன்று உலகப் பட்டமும் பெற்றவர். சுவிட்சர்லாந்தின் சில்வானா டிரின்சோனி அடுத்தடுத்து நான்கு உலகப் பட்டம் வென்றவர். உலகப் பதக்கங்களை மட்டும் அடுக்கினால் ஜோன்ஸ் முதலில் வரமாட்டார். மிகக் கடினமான உள்நாட்டுப் போட்டியில் மிக நீண்ட காலம் முன்னணியில் நின்றவர் யார் என்று கேட்டால் அவருக்கு இணை சொல்வது கடினம். விதிகளும் பிரஷ்களும் பனியின் தரமும் இடையில் மாறிவிட்டன. 2018–19 பருவத்திலிருந்து வட்டத்துக்கு முன்னால் நிற்கும் எதிரணியின் காவல் கற்களைச் சுற்றின் முதல் ஐந்து கற்கள் விடப்படும் வரை அகற்றக் கூடாது என்ற விதி வந்து, சிக்கலான ஆட்டத்தை விரும்புபவர்களுக்கு வசதியாயிற்று. ஆகவே காலம் கடந்த ஒப்பீடுகளை யாராவது அடித்துச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள்.

ஒருவர் பெயர் மட்டும் ஏன் என்றீர்கள். அணியைத் தலைவியின் பெயரால் அழைப்பது இந்த ஆட்டத்தின் வழக்கம். மற்ற மூவருக்கும் அது அநியாயம்தான். ஜோன்ஸ் வேகமாக விட்ட ஒவ்வொரு கல்லுக்கும் முன்னால் ஆஃபிசரும், முதலாவதாகக் கல் விடும் 'லீட்' ஆட்டக்காரரும் தோள் நோகத் தேய்த்தார்கள். அவர்கள் தேய்த்தால் கல் சில மீட்டர் கூடுதலாகப் போகும், தேய்க்காமல் விட்டால் இன்னும் வளையும். முதல் ஆறு கற்கள் சரியாக அமையாவிட்டால் தலைவியின் கடைசி இரண்டு கற்களுக்கு வழியே இருக்காது. ஆனாலும் தலைவிதான் எதிர்முனையில் நின்று எந்தக் கல் எங்கே போகவேண்டும் என்று பிரஷ்ஷால் காட்டுகிறார், எப்போது புள்ளியை விட்டுக்கொடுத்துக் கடைசிக் கல்லைக் காப்பாற்றுவது, எப்போது ஆபத்தை வரவழைப்பது என்று முடிவெடுக்கிறார், பிறகு அந்த முடிவின் விளைவைத் தன் கையாலேயே விடுகிறார். ஒவ்வொரு எறிக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டுச் சதவீதம் போடுவார்கள். அந்தச் சதவீதத்தில் எதை ஆடச் சொன்னார் என்பதற்கு மதிப்பெண் இல்லை. ஜோன்ஸின் பலம் பெரிதும் அங்கேதான் இருந்தது என்பது அவருடைய ஆட்டங்களை இத்தனை ஆண்டு பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட எண்ணம்.

2005 காணொளியைப் பார்த்துவிட்டீர்கள் என்பதால், அடுத்து சோச்சி இறுதி ஆட்டத்தின் ஒன்பதாவது சுற்றைத் தேடிப் பாருங்கள். கனடா 4, சுவீடன் 3. கடைசிக் கல் சுவீடனிடம். அந்தச் சுற்றில் கண்ணைப் பறிக்கும் எறி எதுவும் ஜோன்ஸிடமிருந்து வராது. தன் அணியின் கற்களை எங்கே நிறுத்தச் சொல்கிறார், சுவீடனுக்கு மிஞ்சும் வழி ஒவ்வொரு கல்லுக்கும் எப்படிக் குறுகிக்கொண்டே போகிறது என்று மட்டும் கவனியுங்கள். கடைசியில் சுவீடனின் மரியா ப்ரிட்ஸ் விட்ட கல் குறி தப்புகிறது. எதிரணியின் ஹேமர் சுற்றில் கனடாவுக்கு 2 புள்ளி கிடைத்துவிடுகிறது. ஒலிம்பிக் தங்கத்தை உறுதி செய்தது அந்தச் சுற்று.